பொனட்டைத் திறக்கும் முன் கதைக்க வேண்டிய காசு

கராஜில் சண்டை வெடிப்பது பில்லை நீட்டும்போது. அதற்குத் திரி வைக்கப்படுவது காலையில், சாவி கைமாறும்போது. கொழும்பில் வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் இருக்கும் கராஜானாலும் சரி, கொட்டாஞ்சேனையில் லொறிகளுக்கு நடுவே ஓட்டோ திருத்தும் இடமானாலும் சரி, கதை ஒன்றுதான். "முன்பக்கத்தில ஒரு சத்தம் கேக்குது தம்பி, ஒருக்காப் பாருங்கோ" என்று சொல்லிவிட்டு ஐயா வேலைக்குப் போய்விடுகிறார். மெக்கானிக் பாஸ் பார்க்கிறார், கழற்றுகிறார், சாமான் எடுப்பிக்கிறார், பூட்டுகிறார். பின்னேரம் வந்து நிற்பவரின் கையில் 38,000 ரூபா பில். "நான் பாக்கச் சொன்னனே தவிர, செய்யச் சொன்னனானோ?" அவர் கேட்பது நியாயம். "செய்யாம விட்டிருந்தா நடு ரோட்டில நிண்டிருப்பீங்கள் ஐயா." இவர் சொல்வதும் நியாயம்.

இப்படி நிற்பவரைத்தான் மெக்கானிக்குகள் தங்களுக்குள் 'கரைச்சல் பிடிச்ச கஸ்டமர்' என்பார்கள். வாகனக்காரரும் வீட்டுக்குப் போய் மெக்கானிக்கைப் பற்றி அதைவிட மோசமாகத்தான் சொல்லுவார். பிறவியிலேயே கரைச்சல் பிடித்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் கொஞ்சப்பேர். மற்றவர்களைக் கரைச்சல்காரர் ஆக்குவது, வாங்கிய பொருளைச் சோதித்துப் பார்க்க வழியில்லாத நிலைமை.

1973இல் மைக்கல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளியலாளர்கள் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். சில பொருள்களை வாங்குமுன்பே சோதிக்கலாம்; சேட்டுத் துணியைக் கடையிலேயே தடவிப் பார்க்கிறோம். சிலவற்றை வாங்கிய பின் சோதிக்கலாம். கொத்துரொட்டி நல்லதா என்பது இரண்டு வாய் சாப்பிட்டால் தெரியும். மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. வாங்கி, பாவித்து முடித்த பிறகும் அது தேவைப்பட்டதா என்பதே நமக்குத் தெரியாது. வாகனத் திருத்தம் இந்த மூன்றாவது வகை. சத்தம் நின்றுவிட்டது, சரி. போல் ஜொயின்ட்டை மாற்றியதால் நின்றதா, தளர்ந்த ஒரு நட்டை இறுக்கியதால் நின்றதா? வண்டிக்கு அடியில் படுத்தவருக்குத்தான் தெரியும். என்ன பழுது என்று தீர்மானிப்பவரும் அவரே, அதைத் திருத்திக் காசு வாங்குபவரும் அவரே. இந்த இடத்தில் ஒரு மனிதருக்குச் சந்தேகம் வராவிட்டால்தான் அதிசயம்.

கொழும்பின் சின்னக் கராஜ்களில் இந்தச் சந்தேகத்தைப் பெருக்குவது அவை உழைக்கும் விதம். டொக்டரைச் சனல் பண்ணிப் பார்த்தால், அவர் ஒரு குளிசையும் எழுதாமல் "ஒன்றுமில்லை, போங்கள்" என்று சொன்னாலும் காசு கட்டிவிட்டுத்தான் வருகிறோம். கராஜில் பழுதைக் கண்டுபிடிப்பதற்கு அனேகமாக எவரும் காசு கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை. ஒரு மணித்தியாலம் வண்டிக்குக் கீழே கிடந்து, "சும்மா ஒரு கிளிப் கழண்டிருக்கு" என்று சொல்லும் பாஸுக்குத் தேத்தண்ணிக் காசுதான் மிஞ்சும். லேபரும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. பிறகு கராஜ் எதில் ஓடுகிறது? சாமானில். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும் சாமானுக்கு மேல் வைக்கும் இலாபத்திலும், கடைக்காரர் தரும் கொமிஷனிலும். அதாவது கண்டுபிடிப்பவரின் மூளைக்குரிய கூலி, சாமான் விலைக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது.

இந்த ஒளிவுதான் வினை என்பது என் கருத்து. கிளிப்பை மாட்டிவிட்டு அனுப்பும் நேர்மையான பாஸ் நட்டப்படுகிறார். முழுச் செட்டையும் மாற்றுகிறவர் உழைக்கிறார். இது நம்மூர்ச் சீர்கேடு மட்டும் அல்ல. அமெரிக்காவில் சியர்ஸ் நிறுவனத்தின் வாகனத் திருத்த நிலையங்கள் தேவையில்லாத வேலைகளை விற்கின்றன என்று 1992இல் கலிஃபோர்னியா மாநில அரசு குற்றஞ்சாட்டியது. அதிகாரிகள் சாதாரண வாடிக்கையாளர் போல வண்டி கொண்டுபோய்ப் பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வந்தார்கள். அங்கே கருமபீடத்தில் நின்றவர்களுக்கு, விற்கும் வேலைக்கும் சாமானுக்கும் ஏற்பக் கொமிஷன். இவ்வளவு விற்கவேண்டும் என்று இலக்கு வேறு. விஷயம் வெளியே வந்ததும் நிறுவனம் அந்தக் கொமிஷன் முறையைக் கைவிட்டது. காசு கொடுக்கிற முறை கோணலாக இருந்தால் நல்ல மனிதனின் கையும் கோணத்தான் செய்யும். 'இலவச செக்கப்' என்ற பெனரைக் கண்டால் எனக்கு முதலில் வரும் கேள்வி, அந்த இலவசத்துக்கு யார் காசு கட்டுகிறார் என்பதுதான்.

இப்போது பஞ்சிகாவத்தைக்குத் தானே போய்ச் சாமான் வாங்கி வரும் வாடிக்கையாளரைப் பார்ப்போம். மெக்கானிக்குக்கு இவரைக் கண்டால் முகம் சுருங்கும். கொழும்பு 10இல் இருக்கும் அந்தத் தெருக்களில் ஒரே சாமானுக்கு நாலு விலை. கம்பெனியின் பெயர் போட்ட அசல். வேறு கம்பெனி செய்த புதியது. ஜப்பானில் உடைத்த வண்டியிலிருந்து வந்த 'ரீகண்டிஷன்'. உள்ளூரில் கழற்றிய பழையது. பெட்டி அசலாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் இருப்பது தனிக் கதை. வாகனக்காரர் விலையை மட்டும் பார்த்து ஒன்றை வாங்கி, ஷொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வருகிறார். "இதைப் பூட்டித் தாங்கோ, லேபரை எடுங்கோ." அவர் நினைப்பில் அவர் 6,000 ரூபா மிச்சம் பிடித்திருக்கிறார். பாஸின் கணக்கில், தான் கண்டுபிடித்ததற்கான கூலி பையோடு போய்விட்டது. மூன்று மாதத்தில் அந்தச் சாமான் போனால் வாகனக்காரர் வருவது பஞ்சிகாவத்தைக் கடைக்கு அல்ல, பூட்டியவரிடம்.

இதற்கு நல்ல கராஜ்காரர்கள் கண்டிருக்கும் வழி நேரானது. "நீங்கள் சாமான் கொண்டுவாறதெண்டா கொண்டுவாங்கோ ஐயா. அப்ப பழுது பாத்த கூலி இவ்வளவு, பூட்டுக்கூலி இவ்வளவு. பூட்டினதில பிழை வந்தா நான் பொறுப்பு, சாமானில பிழை வந்தா கடை பொறுப்பு. நான் எடுத்துப் பூட்டினா ரெண்டுக்கும் நான் பொறுப்பு, அதால என்ர விலை கூட." இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னவுடன் சிலர் எழும்பிப் போய்விடுவார்கள். போகட்டும், பின்னேரம் சண்டை பிடிக்க இருந்தவர்கள் அவர்கள்தான். இருந்து கேட்பவர்களில் பலர், "சரி, நீங்களே எடுங்கோ" என்பார்கள்.

கண்டுபிடிப்பதற்கு ஏன் இவ்வளவு கூலி என்று கேட்பவருக்கு ஓர் உதாரணம். டாஷ்போர்டில் எஞ்சின் லைட் எரிகிறது. ஸ்கேன் கருவியை மாட்டினால் 'பீ 0171' என்று ஒரு குறியீடு வருகிறது. யூடியூப் பார்த்துவிட்டு வருபவர், "ஸ்கேன் பண்ணினா மெஷினே சொல்லுமே, அதுக்கென்ன காசு?" என்பார். மெஷின் சொன்னது இவ்வளவுதான்: எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்று கூட, பெற்றோல் குறைவு. ஏன் என்று அது சொல்லவில்லை. காற்றுக் குழாயில் ஒரு வெடிப்பு இருக்கலாம். காற்றை அளக்கும் சென்சரில் தூசி படிந்திருக்கலாம். பெற்றோல் பம்ப் களைத்திருக்கலாம். இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். சைலன்சர் பக்கத்தில், ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் ஓர் ஓட்டை இருந்தாலும் இதே குறியீடுதான் வரும். முதலாவதுக்குச் செலவு ஒரு குழாய். மூன்றாவதுக்கு அதைப்போலப் பல மடங்கு. குறியீட்டைப் பார்த்தவுடன் சென்சரை மாற்று என்பவர் மெக்கானிக் இல்லை, சாமான் வியாபாரி. புகை விட்டுப் பார்த்து, அமுக்கம் அளந்து, ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருபவர்தான் மெக்கானிக். அந்தக் கழித்தலுக்குத்தான் நேரம் போகிறது. கடைசியில் கையில் காட்ட இருப்பது வெடித்த ஒரு குழாய்த் துண்டு. "இதுக்கா அரைநாள்?" என்ற கேள்வி வரும். ஆம், அதற்குத்தான்.

ஹைபிரிட் வண்டிகள் வந்தபின் இன்னொரு வகைத் தகராறு சேர்ந்திருக்கிறது. கொழும்பில் மூலைக்கு மூலை ஓடும் டொயோட்டா அக்வாவின் பெரிய பற்றரி 20 சிறு தொகுதிகள் சேர்ந்தது. எல்லாம் சேர்த்து 144 வோல்ட். ஒரு தொகுதி பலவீனமானாலே முழுவதும் பழுது என்று லைட் எரியும். முழுப் பற்றரியையும் மாற்ற ஒரு விலை. பலவீனமான இரண்டை மட்டும் மாற்ற அதில் ஒரு சிறு பங்கு. யாரும் இரண்டாவதைத்தான் கேட்பார்கள். அதில் பிழையில்லை. ஆனால் மற்றப் பதினெட்டும் அதே வயது, அதே வெயிலில் ஓடியவை. நாலு மாதத்தில் இன்னொன்று விழுந்தால், "போன தரம் செய்தது சரியில்லை" என்று வண்டி திரும்பி வரும். முதல் நாளே, "இது கொஞ்சக் காலம் ஓடுறதுக்கான வேலை, அடுத்தது எப்ப விழும் எண்டு என்னால சொல்ல ஏலாது" என்று பில்லிலேயே எழுதிய பாஸுக்கு அன்றைக்குத் தலையிடி இல்லை. வாயால் மட்டும் சொன்னவருக்கு உண்டு. கேட்டவர் மறந்துவிடுவார், பொய் சொல்கிறார் என்றில்லை, காசு மிச்சம் என்ற சந்தோஷத்தில் மற்றது காதில் விழுவதில்லை. இடையில் ஒன்று: இந்தப் பற்றரியைக் குளிர்விக்கும் விசிறியின் காற்றுத் துளை பின்சீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. அதை மறைத்துப் பை, சாரி, பிள்ளையின் ஸ்கூல் பேக் எல்லாம் வைப்போம். சூடு பிடித்துப் பற்றரியின் ஆயுள் குறைவதற்கு அது ஒரு காரணம். அதைச் சுத்தம் பண்ணச் சொல்லும் மெக்கானிக்கைச் சும்மா காசு பறிப்பவர் என்று நினைக்கவேண்டாம்.

கராஜ்காரர்கள் எல்லாவற்றையும் விடப் பயப்படும் வசனம் ஒன்று உண்டு. "நீங்கள் தொட்ட பிறகுதான் இது வந்தது." பிரேக் வேலைக்கு வந்த வண்டியில் ஏசி வேலை செய்யாது, பழி பிரேக் திருத்தியவர் மேல். சில வேளை அது உண்மை. கழற்றிய வயரை மாட்ட மறந்திருப்பார், கோலயா பையன் கதவில் கீறல் போட்டிருப்பான். பல வேளை, ஏசி முந்தியே செத்துக்கொண்டிருந்தது. வாகனக்காரர் அன்றைக்குத்தான் கவனித்தார். இரண்டையும் பிரித்தறியக் கோவிலில் சத்தியம் செய்ய வேண்டாம், ஒரு கைபேசி போதும். வண்டி வந்தவுடன், வாகனக்காரர் நிற்கும்போதே, நாலு பக்கமும் ஒரு சுற்றுப் படம். எஞ்சினை ஓடவிட்டு டாஷ்போர்டை ஒரு படம். கிலோமீற்றர், பெற்றோல் அளவு, எரியும் லைட் எல்லாம் அதில் விழுந்துவிடும். அவருடைய வாட்ஸப்புக்கே அனுப்பிவிட்டால் இரண்டு பேரிடமும் சாட்சி. இதை அவமரியாதையாக எடுக்கும் ஐயாமாரும் இருக்கிறார்கள். "என்னில நம்பிக்கை இல்லையோ?" "உங்களுக்காகத்தான் ஐயா, என்ர பெடியள் பிழை விட்டா நீங்கள் பிடிக்கலாமே" என்று சொன்னால் இறங்கி வருவார்கள். பொய்யும் அல்ல அது.

வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதிகளுக்கு உரிய ஒரு தகராறும் இருக்கிறது: துரு. மரைன் டிரைவ் பக்கம் வருடக்கணக்கில் நிறுத்தப்படும் வண்டிகளை உப்புக்காற்று கீழிருந்து தின்கிறது. மேலே பெயின்ட் பளபளக்கும். அடியில் போல்ட்டுகள் இறுகிப்போயிருக்கும். ஷொக் அப்சோபர் மாற்ற வந்த இடத்தில் ஓயில் விட்டு ஊறவைத்து, சூடு காட்டி, மெல்ல மெல்லத் திருகினாலும் சில வேளை போல்ட் தலை முறிந்து கையோடு வரும். மிச்சத்தைத் துளைத்து எடுக்க அரைநாள். யார் தலையில் செலவு? முறித்தவர் மெக்கானிக். முறியும் நிலைக்கு விட்டது கடற்காற்று. கழற்றுமுன் வாகனக்காரரைக் குனிந்து பார்க்கச் சொல்லி, "இந்த மூண்டு போல்ட்டும் துரு பிடிச்சிருக்கு, முறியலாம், முறிஞ்சா மேல்வேலை இவ்வளவு" என்று காட்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முறிந்த பிறகு சொல்வதெல்லாம் சாட்டு என்றே கேட்கும்.

பழைய சாமானைக் காட்டுவதும் இதோடு சேர்ந்தது. பிரேக் பேட் புதிதாக இருக்கும்போது உராயும் பகுதி 10, 12 மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும்; 3 மில்லிமீற்றருக்கு வந்தால் மாற்றவேண்டும். கழற்றியதைப் புதியதுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால் விளக்கமே தேவையில்லை. கலிஃபோர்னியாவில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். 1971இல் இயற்றிய சட்டப்படி வேலைக்கு முன் எழுத்தில் மதிப்பீடு, அதற்கு மேல் போனால் மீண்டும் சம்மதம், கேட்டால் கழற்றிய சாமான். நம்மூரில் நல்ல பாஸ்மார் சட்டம் சொல்லாமலே செய்வதுதான் இது. கழற்றிய சாமானைப் பையில் போட்டு முன்சீட்டுக்குக் கீழே வைத்துவிடுவார்கள். வாகனக்காரர்கள் பலர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை, ஆனால் பை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

கடந்த சில வருடங்களில் இந்தச் சண்டைகள் ஏன் கூடின என்பதற்கு நாட்டு நிலைமையும் காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி 1ஆம் திகதி. ஏறத்தாழ ஐந்து வருடம் புதிய வண்டி வராத நாட்டில் இருந்த வண்டிகளுக்கெல்லாம் வயது ஏறியது, விலையும் ஏறியது. ஒரு சின்ன வேகன் ஆர் வீட்டுக்குப் பெரிய சொத்தானது. சொத்தில் கை வைப்பவர்மேல் எவருக்கும் ஒரு கண் இருக்கும். நடுவில் 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா மட்டில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வங்கிகளில் டொலர் இல்லாமல் சாமான் இறக்குபவர்கள் தவித்தார்கள். காலையில் கேட்ட விலை மத்தியானம் இல்லை. "நேத்து ஒரு விலை, இண்டைக்கு ஒரு விலையோ?" என்ற கேள்விக்கு அந்நாளில் உண்மையான பதில் "ஓம்" என்பதுதான், யார் நம்புவார்? பிறகு 2024 ஜனவரி 1இல் வற் வரி 15இலிருந்து 18 வீதமானது. வாகனக்காரரின் நினைவில் மட்டும் 2019ஆம் ஆண்டு விலைகள் பத்திரமாக இருக்கின்றன. போதாதற்கு 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை தேடி வெளிநாடு போனார்கள். போனவர்களில் கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இருந்தார்கள். பாஸ் கட்டாருக்குப் போக, நேற்றுவரை ஸ்பானர் எடுத்துக் கொடுத்த பையன் இன்று பாஸ்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் வந்தால் தகராறின் நிறம் மாறும். அங்கே கோபம் நேரத்தைப் பற்றியது. ஓட்டோக்காரருக்கு வண்டி ஒருநாள் கராஜில் நின்றால் அன்றைய அடுப்பு எரியாது. லீசிங் கட்டும் நாளும் தள்ளிப்போகாது. 2022இல் கியூஆர் முறையில் பெற்றோல் பங்கீடு தொடங்கியபோது வாரம் 5 லீற்றரை வைத்துக்கொண்டு எந்த ஓட்டத்தை எடுப்பது, எதை விடுவது என்று கணக்குப் பார்த்தவர்கள் இவர்கள். "பின்னேரம் தாறன் அண்ணே" என்று சொல்லிவிட்டு மறுநாள் கொடுத்தால் அவருக்கு அது பொய் மட்டுமல்ல, பறிபோன ஒருநாள் உழைப்பு. மெக்கானிக்குகளின் பெரிய பலவீனம் இந்த 'பின்னேரம்'. ஆளை அனுப்பிவிடவேண்டும் என்பதற்காக, முடியாது என்று தெரிந்தும் சொல்லிவிடுவார்கள். சாமான் கிடைத்தால் பின்னேரம், கிடைக்காவிட்டால் நாளை மத்தியானம், எதற்கும் மூன்று மணிக்குக் கோல் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மூன்று மணிக்குக் கெட்ட செய்தியானாலும் எடுத்துச் சொன்னால் ஓட்டோக்காரர் வேறொரு வண்டியை வாடகைக்கு எடுத்தாவது சமாளிப்பார். கடன் கொப்பியும் அங்கே உண்டு. பாக்கி எவ்வளவு என்று இரண்டு பேரும் ஒவ்வொரு தரமும் கொப்பியில் ஒப்பமிட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

வெள்ளவத்தையில் வேறொரு சிக்கல்: வண்டிக்குச் சொந்தக்காரர் டொரன்டோவில். காசு அவருடையது, ஓடுவது தம்பி. இங்கே காலை பத்து மணிக்கு மெக்கானிக் விலை சொன்னால், அங்கே நள்ளிரவு. அண்ணன் எழும்பி, வாட்ஸப்பில் பில்லைப் பெருப்பித்துப் பார்த்து, "இந்த வேலைக்கு இங்கயே இவ்வளவு எடுக்க மாட்டாங்கள்" என்று சொல்லும்வரை பொனட் திறந்தபடி கிடக்கும். பாவம், நடுவில் நிற்கும் தம்பி இரண்டு பக்கமும் பேச்சு வாங்குவார். சம்மதம் சொல்லும் அதிகாரம் யாருக்கு, எவ்வளவு ரூபா வரைக்கும் என்பதை வண்டியைக் கொடுக்கும்போதே தம்பி சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால் மெக்கானிக் கேட்கவேண்டும்.

பாஷையும் ஒரு பங்கு வகிக்கிறது. வாகனக்காரர் தமிழ், பாஸ் சிங்களம், சாமான் எடுத்து வருபவர் முஸ்லிம் நானா, பில் ஆங்கிலத்தில். அரைகுறையாக விளங்கிய ஒரு தொகையில் பெரிய சண்டை வரலாம். தொகையைத் துண்டில் இலக்கமாக எழுதிக் காட்டினால் மூன்று பாஷைக்கும் அது பொது.

இவ்வளவையும் மீறி ஒருவர் கத்திக்கொண்டு வந்து நிற்கிறார். என்ன செய்வது? அனுபவப்பட்ட கராஜ் முதலாளிகள் செய்வதைக் கவனித்தால் சில விஷயங்கள் தெரியும். கையாள் பெடியளை அவர் முன்னால் நிற்கவிட மாட்டார்கள், பெரியவர்தான் வருவார். மற்ற வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில் வைத்துக் கதைக்க மாட்டார்கள்; "வாங்கோ, வண்டியில ஏறுங்கோ, ஒரு ரவுண்ட் போய்ப் பாப்பம்" என்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வாகனக்காரர் ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில் இருக்கவேண்டும். ஓட்டுகிறவருக்குக் கத்த நேரமில்லை. தவிர, மரைன் டிரைவின் மட்டமான ரோட்டில் வராத சத்தம், உள் ஒழுங்கையின் மேன்ஹோல் மூடியில் ஏறும்போது வரும். "இதுதான், இதுதான்!" என்று அவர் காட்டுவார். அந்தக் கணத்தில் இரண்டு பேரும் ஒரே பக்கம். காலையில் சாவியை வாங்கும்போதே இந்த ரவுண்ட் போயிருந்தால் இன்னும் நல்லது. பாதி வேலை மிச்சம்.

"உங்களுக்கு இது விளங்காது" என்ற வசனத்தை மட்டும் எந்த மெக்கானிக்கும் சொல்லக்கூடாது. வாகனக்காரர் பக்கம் அதற்குச் சமமானது, தன் மகன் வயதென்பதால் பாஸை 'நீ', 'வா', 'போ' என்று பேசுவது. அந்தப் பாஸ் மொறட்டுவையில் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்தில் படித்து வந்தவராக இருக்கலாம், பதினாறு வயதிலிருந்து கிரீஸில் ஊறி, பிறகு என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுத்தவராக இருக்கலாம். மரியாதை போன இடத்தில் கணக்குப் பேச முடியாது.

பிழை கராஜின் மேல் என்றால் அதை உடனே ஒத்துக்கொண்டு திரும்பச் செய்து கொடுப்பதைப்போல மலிவான வழி வேறில்லை. சிலர் இதைப் பலவீனம் என்று நினைத்து மூன்று நாள் இழுப்பார்கள். அந்த மூன்று நாளில் அந்த ஒழுங்கை முழுவதுக்கும் கதை போய்விடும்.

பேசித் தீராதபோது சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் பொருந்தும். வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்து தருவேன் என்ற உத்தரவாதம், எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் அதிகாரசபையிடம் எழுத்தில் கொடுக்கவேண்டும். விவரம் கேட்க 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பில் இல்லாமல் போனால் சொல்ல ஒன்றும் இருக்காது. "பில் வேண்டாம் எண்டா கொஞ்சம் குறைக்கலாம்" என்ற பேச்சுக்கு மயங்கும் வாகனக்காரர், குறைந்த அந்தக் காசோடு தன் முறைப்பாட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். சின்னத் தொகைத் தகராறுகளுக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகளும் உண்டு. வழக்கறிஞர் செலவில்லாமல் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

மெக்கானிக்குக்கும் ஓர் உரிமை இருக்கிறது, வாகனக்காரர்களில் பலருக்கு அது தெரியாது. இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டப்படி, சொந்தக்காரரின் சம்மதத்தோடு செய்த வேலைக்குக் காசு வரும்வரை வண்டியைத் தன் கையில் வைத்திருக்கலாம். வண்டி கையை விட்டுப் போனால் அந்தப் பிடியும் போய்விடும். ஆகவே பில் தீராமல் சாவியைத் தரமாட்டேன் என்று ஒருவர் நிற்பது ரவுடித்தனம் ஆகாது. ஆனால் சம்மதம் இல்லாமல் செய்த வேலைக்கு இதைச் சொல்லிக்கொண்டு நிற்பது கடினம். காலையில் எழுத்தில் சம்மதம் வாங்குவது மெக்கானிக்குக்கும் நல்லது என்பது அதனால்தான். இரவில் மற்றச் சாவியோடு வந்து வண்டியை எடுத்துப்போக நினைக்கும் வாகனக்காரர், இருந்த நியாயத்தையும் கெடுத்துக்கொள்வார். வண்டி அவசரம், பில் மேல் சந்தேகம் என்றால், காசைக் கட்டி, இன்ன வரியில் எனக்கு உடன்பாடில்லை என்று பில்லின் இரண்டு பிரதியிலும் எழுதி ஒப்பமிட்டு, கழற்றிய சாமானையும் கேட்டு வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்துப் போகலாம். பிறகு இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டி, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கி, மூன்று மாதம் முடியுமுன் முறைப்பாட்டைக் கொடுக்கலாம். அந்த இரண்டாவது மெக்கானிக்குக்கும் பார்த்த கூலியைக் கொடுக்க மறக்கவேண்டாம்.